அத்தியாயம் 9: டைனமோவைக் கழற்றுவதற்கு முன்

காலையில் செல்ஃப் இழுக்கவில்லை. தள்ளி ஸ்டார்ட் செய்தாயிற்று. ஓடும்போதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணையவில்லை. பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்கும் இது புதிதல்ல. கூடவே வரும் தீர்ப்பும் புதிதல்ல: "டைனமோ போச்சு, காயில் கட்டணும்." கழற்றிக் கொண்டுபோய்ச் செப்புக் கம்பி புதிதாகச் சுற்றி மாட்டிய பிறகும் பல வண்டிகளில் அதே விளக்கு அப்படியே எரியும். ஏனென்றால் கோளாறு தளர்ந்த பெல்ட்டிலோ, துருப்பிடித்த எர்த்திலோ, கரி படிந்த பாயிண்டிலோ இருந்திருக்கும். ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், எதையும் கழற்றாமலே பழுது எந்த இடத்தில் என்று அரைமணி நேரத்தில் சொல்லிவிடலாம். அதற்கான வரிசையைத்தான் இந்த அத்தியாயம் தருகிறது. வரிசையை மாற்றாதீர்கள். பலரும் முதலில் கை வைக்கும் ரெகுலேட்டர் திருகு, இந்த வரிசையில் கடைசியில்தான் வருகிறது.

இங்கே சொல்வதெல்லாம் லூகாஸ் டைனமோ பொருத்திய வண்டிகளுக்கு: பழைய அம்பாசடர், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மோரிஸ் மைனர் போன்றவை. டைனமோவின் உடம்பிலேயே மாடல் எண் பொறித்திருக்கும். சி39 என்றால் அதிகபட்சம் 19 ஆம்பியர், சி40/1 என்றால் 22 ஆம்பியர் தரும். 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் புண்ணியத்தில் இந்த வகை டைனமோவின் சூட்சுமம் தெரிந்த பெரியவர்கள் நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரிகல் கடைகளில் இன்னும் இருக்கிறார்கள். ஃபியட் 1100, பத்மினி வண்டிகளின் டைனமோவில் முனைகளின் குறியீடு வேறு. கீழே உள்ள சோதனைகளை அப்படியே அங்கே செய்ய வேண்டாம்.

எது எங்கே இணைகிறது

டைனமோவின் பின்பக்கம் 2 முனைகள் இருக்கும். பெரியது டி, சின்னது எஃப். டி முனையில்தான் மின்சாரம் வெளியே வருகிறது. எஃப் முனை உள்ளே இருக்கும் ஃபீல்டு காயிலுக்குப் போகிறது, அந்தக் காயிலின் மறுமுனை டைனமோ உடம்பிலேயே எர்த் ஆகியிருக்கிறது. ஃபீல்டுக்கு எவ்வளவு கரண்ட் போகிறதோ அதற்கேற்ப டைனமோ உற்பத்தி செய்யும். அந்த அளவைக் கட்டுப்படுத்துவது பானெட்டுக்குள் இருக்கும் கட்-அவுட் பாக்ஸ்.

அந்த பாக்ஸின் கறுப்பு மூடியைத் திறந்தால் ஆர்பி106 வகையில் 2 காயில்கள் தெரியும். ஒன்று வோல்டேஜ் ரெகுலேட்டர், மற்றொன்று கட்-அவுட். பின்னாளில் வந்த ஆர்பி340 வகையில் 3 காயில்கள், கூடுதலாக வந்தது கரண்ட் ரெகுலேட்டர். கட்-அவுட்டின் வேலை எளிது. டைனமோ ஏறக்குறைய 13 வோல்ட் தொட்டதும் பாயிண்டை மூடி பேட்டரியுடன் இணைக்கும். வேகம் குறைந்து கரண்ட் பின்னோக்கிப் பாயத் தொடங்கியதும் பாயிண்டைத் திறந்து பிரித்துவிடும். ஆர்பி106இன் முனைகள் வரிசையாக ஏ, ஏ1, எஃப், டி, ஈ. இதில் ஈ என்பது எர்த். இந்தச் சின்ன ஒயரைப் பற்றிப் பின்னால் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

சிவப்பு விளக்கு சொல்லும் சேதி

அந்த விளக்கின் ஒரு பக்கம் இக்னிஷன் சுவிட்சிலும் மறுபக்கம் டி முனையிலும் இணைந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் பேட்டரி கரண்ட் விளக்கு வழியாகப் போய், பிரஷ், ஆர்மேச்சர் வழியாக எர்த்தில் இறங்குகிறது, விளக்கு எரிகிறது. டைனமோ சுழன்று பேட்டரிக்குச் சமமான வோல்டேஜைத் தந்ததும் விளக்கின் இரு பக்கமும் ஒரே அழுத்தம், அதனால் அணைகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீட்டர் எடுக்கும் முன்பே பாதி வழி வந்துவிடலாம்.

சாவி திருப்பியும் விளக்கு எரியவில்லையா? பல்பு ஃபியூஸ், அல்லது டி ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது கார்பன் பிரஷ் கம்யூடேட்டரைத் தொடாமல் கூட்டிலேயே சிக்கி நிற்கிறது. எரிந்து, வண்டி வேகமெடுத்த பிறகும் அதே பிரகாசத்தில் எரிந்தால் டைனமோவிலிருந்து எதுவுமே வரவில்லை என்று பொருள். வேகமெடுத்ததும் மங்கி, ஆனால் முழுக்க அணையாமல் டல்லாக எரிந்தால் டைனமோ வேலை செய்கிறது, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே எங்கோ தடை இருக்கிறது. கட்-அவுட் பாயிண்டில் கரி படிந்தால் இப்படித்தான் காட்டும். ஐட்லிங்கில் மட்டும் விளக்கு மினுங்குவது கோளாறே அல்ல. சி39 டைனமோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,100 சுற்றைத் தொட்ட பிறகுதான் 13 வோல்ட் தரும், முழு 19 ஆம்பியர் வர 2,000 சுற்றுப்பக்கம் போக வேண்டும். இன்றைய வண்டி ஓட்டிப் பழகியவர்கள் இதைப் பழுது என்று நினைத்து ஐட்லிங்கை ஏற்றிவிடுகிறார்கள், வேண்டாம்.

சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரிந்தால் மட்டும் ஓடிப்போய் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். கட்-அவுட் பாயிண்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது. பேட்டரி முழுக்க டைனமோ வழியாக எர்த்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆர்மேச்சர் கருகவும் ஒயர் தீப்பிடிக்கவும் வெகுநேரம் ஆகாது.

பேட்டரி, பெல்ட், இணைப்புகள்

பேட்டரியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. இரவு முழுக்க ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் முதலில் வெளியே கொடுத்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஹைட்ரோமீட்டர் வைத்திருந்தால் 6 செல்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.040 புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தால் அந்த பேட்டரிக்கு எந்த டைனமோவும் உதவாது.

ஃபேன் பெல்ட்டின் நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்திருந்தால் பெல்ட் வழுக்குகிறது, இறுக்கிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். சத்தம் வராமலும் வழுக்கும் என்பதால் காதை நம்பி விட்டுவிடாதீர்கள். அதே சமயம் கம்பிபோல் இறுக்கினால் டைனமோவின் பின்பக்க வெண்கல புஷ் தேய்ந்து, ஆர்மேச்சர் ஆடி, உள்ளே உரசத் தொடங்கும். அந்த புஷ்ஷுக்கு நடுவில் எண்ணெய் விடும் துளை இருக்கிறது. சர்வீஸ் செய்யும்போது 2 சொட்டு எஞ்சின் ஆயில் போதும். நிறைய விட்டால் அது கம்யூடேட்டரில் வழிந்து வேறு வேலை வைக்கும்.

அடுத்து இணைப்புகள். கண்ணால் பார்த்து நல்ல ஒயர், கெட்ட ஒயர் என்று சொல்ல முடியாது. மீட்டரால்தான் சொல்ல முடியும். ஹெட்லைட்டைப் போட்டு, எஞ்சினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முள்ளை எர்த் ஆகாத பேட்டரி முனையிலும் மற்றதைக் கட்-அவுட் பாக்ஸின் ஏ முனையிலும் வையுங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவே தடை இருக்கிறது. அதேபோல் டைனமோ உடம்புக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே பாருங்கள், அங்கே இன்னும் குறைவாக இருக்க வேண்டும். கூடுதலாகக் காட்டினால் எஞ்சினிலிருந்து சேஸிக்கு வரும் பின்னல் பட்டையைக் கழற்றி, லக் உட்காரும் இடத்தை உலோகம் தெரியும்வரை சுரண்டி, மறுபடி மாட்டி, மேலே கொஞ்சம் வேஸலின் தடவுங்கள்.

டைனமோவை வண்டியிலேயே சோதிப்பது

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு சோதனையை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்தில் செய்யும் வேலை. தோளில் துண்டு, வேட்டி நுனி, தொங்கும் சங்கிலி, மோதிரம் எதுவும் கூடாது.

எஞ்சினை நிறுத்திவிட்டு டைனமோவின் டி, எஃப் இரண்டு ஒயர்களையும் கழற்றி எதிலும் படாமல் ஒதுக்கி வையுங்கள். ஒரு சின்ன ஒயர் துண்டால் டி முனையையும் எஃப் முனையையும் ஒன்றாக இணையுங்கள். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டுக்கு மேற்பட்ட அளவில் வைத்து, ஒரு முள்ளை அந்த இணைப்பிலும் மற்றதை டைனமோ உடம்பில் சுத்தமான உலோகத்திலும் பொருத்துங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கிலிருந்து மெதுவாக ஆக்ஸிலரேட்டரை ஏற்றுங்கள். டைனமோ நன்றாக இருந்தால் எண் தடுமாறாமல் விறுவிறுவென்று ஏறும். 15ஐத் தாண்டியதும் காலை எடுத்துவிடுங்கள், 20ஐத் தொட விடக்கூடாது. இப்போது ரெகுலேட்டர் என்ற கடிவாளமே இல்லை, ரேஸ் பண்ணினால் வோல்டேஜ் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

இந்த எண்ணைப் படிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. எதுவுமே காட்டவில்லை என்றால் முதல் சந்தேகம் பிரஷ் மீது. அரை வோல்ட்டிலிருந்து 1 வோல்ட் வரை மட்டும் காட்டி நின்றுவிட்டால் ஃபீல்டு காயிலில் பழுது. உள்ளே மிச்சமிருக்கும் காந்தம் தரும் சொற்ப வோல்டேஜ் அது, ஃபீல்டு அதைப் பெருக்கவில்லை. 4லிருந்து 6 வோல்ட் வரை வந்து, எவ்வளவு ஏற்றினாலும் அதற்கு மேல் அசையவில்லை என்றால் ஆர்மேச்சர் சுற்றில் கோளாறு. எண் ஏறினாலும் குதித்துக் குதித்து ஏறினால் கம்யூடேட்டர் அழுக்கு, அல்லது பிரஷ் ஸ்பிரிங் தளர்வு.

ஃபீல்டு மீது சந்தேகம் என்றால் இணைப்பு ஒயரை எடுத்துவிட்டு எஃப் முனைக்கும் உடம்புக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். ஏறக்குறைய 6 ஓம்ஸ் காட்ட வேண்டும். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் காயில் ஷார்ட், மீட்டர் அசையவே இல்லை என்றால் அறுந்துவிட்டது. ஃபீல்டு ஷார்ட் ஆன டைனமோவை அப்படியே ஓட்டியிருந்தால் ரெகுலேட்டர் பாயிண்டும் எரிந்திருக்கும், அதையும் பாருங்கள்.

பிரஷ் வேலை வீட்டிலேயே முடிவது. டைனமோவைக் கழற்றி, 2 நீளமான போல்ட்டையும் எடுத்தால் பின்மூடி கையோடு வரும். பிரஷ் கூட்டுக்குள் தாராளமாக ஏறி இறங்க வேண்டும், சிக்கினால் பெட்ரோல் நனைத்த துணியால் பக்கங்களைத் துடையுங்கள். கால் அங்குல அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கம்யூடேட்டர் ஆரோக்கியமாக இருந்தால் வழவழவென்று பழுப்பு நிறத்தில் இருக்கும். கறுத்திருந்தால் நைஸ் உப்புத்தாளைச் சுற்றி ஆர்மேச்சரைத் திருப்பித் திருப்பித் தேயுங்கள். எமரி மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் துகள் மின்சாரம் கடத்தும், செப்புத் தகடுகளின் நடுவே புதைந்துகொள்ளும். தகடுகளுக்கு இடையிலுள்ள மைக்கா செப்போடு சமமாகிவிட்டிருந்தால் ஹாக்ஸா பிளேடு துண்டால் 0.8 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டிவிட வேண்டும். ஆர்மேச்சர் சந்தேகம் இருந்தால் ரீவைண்டிங் கடையில் குரோலர் என்ற சோதனைக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கண் முன்னாலேயே நிமிடத்தில் தெரிந்துவிடும். காயில் கட்டும் முடிவை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

மூடிய டைனமோவை மாட்டுவதற்கு முன் மோட்டாராக ஓட்டிப் பாருங்கள். டி, எஃப் இரண்டையும் இணைத்து, வண்டியில் எந்த முனை எர்த்தோ அந்த முனையை உடம்புக்கும் மற்றதை இணைப்புக்கும் கொடுத்தால் டைனமோ நிதானமாகத் தானே சுழல வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: காந்தத்தின் திசையும் வண்டிக்கேற்ப அமைந்துவிடும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலானவை பாசிடிவ் எர்த், பிறகு நடுவழியில் யாரோ நெகடிவ் எர்த்தாக மாற்றியிருப்பார்கள். திசை மாறிய டைனமோ மாட்டினால் கட்-அவுட் பாயிண்ட் தீய்ந்துபோகும். பேட்டரி முனைகளை உங்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள், நூலில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

டைனமோ சோதனையில் தேறிவிட்டால், முனைகளை இணைக்கும் துண்டு ஒயரை எடுக்காமலே டி, எஃப் ஒயர்களைத் திரும்ப மாட்டுங்கள். கட்-அவுட் பாக்ஸ் முனையில் அந்த இரண்டையும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவே முன்போலப் பாருங்கள். டைனமோவில் வந்த அதே எண் இங்கேயும் இரண்டிலும் வர வேண்டும். வராத ஒயர் நடுவில் அறுந்திருக்கிறது. முடிந்ததும் துண்டு ஒயரை மறக்காமல் எடுத்துவிடுங்கள். டி, எஃப் இணைந்தபடி வண்டி ஓடினால் பேட்டரி கொதித்துவிடும்.

கட்-அவுட் பாக்ஸ்

இங்கே முதல் வேலை ஈ முனை. பேட்டரி சார்ஜ் ஆகாமல் போவதற்கு நேர் எதிரான கோளாறு இதிலிருந்துதான் பிறக்கிறது. ரெகுலேட்டர் காயில் டி முனைக்கும் ஈ முனைக்கும் நடுவே இணைந்திருக்கிறது. ஈ எர்த் ஆகவில்லை என்றால் அந்தக் காயிலில் கரண்ட் ஓடாது, பாயிண்ட் திறக்காது, ஃபீல்டுக்கு முழுக் கரண்டும் போய்க்கொண்டே இருக்கும். புதிதாக பெயிண்ட் அடித்து வந்த ஒரு ஹெரால்டில் இதைப் பார்த்தேன். வேகமெடுத்தால் ஹெட்லைட் வெள்ளை வெளேரென்று எரியும், பல்பு அடிக்கடி போகும், பேட்டரி மூடியைத் திறந்தால் ஆசிட் நெடி மூக்கில் ஏறும். உரிமையாளர் டைனமோவுக்கு ஏற்கனவே காயில் கட்டிவிட்டார், புது பாக்ஸும் வாங்கிவிட்டார். ஈ ஒயரின் லக்கைக் கழற்றிப் பார்த்தால் திருகுக்கு அடியில் அழகான, கெட்டியான பெயிண்ட். லக் அளவுக்கு அதைச் சுரண்டி மறுபடி முடுக்கியதும் வோல்டேஜ் அடங்கியது. பாடி வேலை முடித்து வரும் வண்டி எதுவானாலும் எல்லா எர்த் திருகுகளையும் ஒருமுறை கழற்றிச் சுரண்டி மாட்டச் சொல்வது இதனால்தான்.

பிறகு பாயிண்ட்டுகள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள். ரெகுலேட்டர் பாயிண்ட் கடினமான உலோகம், நைஸ் கார்போரண்டம் கல்லால் தேய்க்கலாம். கட்-அவுட் பாயிண்ட் மிருதுவானது, அதற்கு நைஸ் உப்புத்தாள் மட்டும். இரண்டையும் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்துவிடுங்கள்.

இப்போதும் சரியாகவில்லை என்றால்தான் வோல்டேஜ் அளவு. ஆர்பி106இல் கட்-அவுட் பாயிண்டுகளுக்கு நடுவே மெல்லிய காகிதத் துண்டைச் செருகிவிட்டால் டைனமோ பேட்டரியிலிருந்து பிரிந்துவிடும். டி முனைக்கும் ஈ முனைக்கும் நடுவே மீட்டர் வைத்து, வேகத்தை மெல்ல ஏற்றுங்கள். எண் ஏறிவந்து ஒரு சிறு துடிப்புடன் நின்றுவிடும். அந்த நின்ற எண்தான் நமக்கு வேண்டும். ஆர்பி106/2க்கு 20 டிகிரி வெப்பத்தில் 16.0 முதல் 16.6 வோல்ட், 30 டிகிரியில் 15.9 முதல் 16.5, 40 டிகிரியில் 15.8 முதல் 16.4. ஆர்பி340க்கு 14.5 முதல் 15.5, நம் ஊர் வெயிலில் கால் வோல்ட் குறைவு. காயில் சூடானால் எண் மாறும் என்பதால் பாக்ஸ் குளிர்ந்திருக்கும்போது, 30 விநாடிக்குள் பார்த்து முடிக்க வேண்டும்.

16 வோல்ட் என்றதும் பலர் பயந்து திருகைக் குறைத்துவிடுகிறார்கள். பல வண்டிகளின் பேட்டரி எப்போதும் அரை வயிற்றில் கிடப்பதற்கு இதுவே காரணம். 16 என்பது பேட்டரி இணையாத நிலையில் வரும் எண். பேட்டரி இணைந்து, வண்டி கொஞ்சதூரம் ஓடிய பிறகு அதன் முனைகளில் பார்த்தால் 13.5க்கும் 14.5க்கும் நடுவேதான் இருக்கும். திருகை மாற்றியே ஆக வேண்டும் என்றால் லாக் நட்டைத் தளர்த்தி, கடிகார முள் திசையில் திருப்பினால் கூடும், எதிர்த்திசையில் குறையும். ஒரு தடவைக்கு மயிரிழை அளவு, பிறகு எஞ்சினை நிறுத்திச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். காகிதத்தை எடுத்த பிறகு, கட்-அவுட் 12.7க்கும் 13.3க்கும் நடுவே மூடிக்கொள்ள வேண்டும். மூடும் கணத்தில் டி முனை வோல்டேஜ் சற்றே இறங்குவது மீட்டரில் தெரியும்.

எல்லாம் சரி, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது

அப்போது கணக்குப் போட வேண்டும். 45 வாட் ஹெட்லைட் 2 எரிந்தால் 7.5 ஆம்பியர். சைடு, டெயில், நம்பர் பிளேட் விளக்குகளுக்கு 2. இக்னிஷன் காயிலுக்கு 3 முதல் 4. வைப்பருக்கு 3. மழை பெய்யும் இரவில் ஓடும் வண்டி 16 ஆம்பியர் கேட்கிறது, சி39 முழு வேகத்தில் தருவதே 19. கிண்டி சிக்னலில் நின்று நின்று போகும்போது அது தருவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இதற்கு மேல் 60 வாட் ஹாலஜன், ஸ்டீரியோ, மின்விசிறி என்று சேர்த்தால் பேட்டரி இறங்கத்தான் செய்யும், டைனமோவைக் குறைசொல்லிப் பயனில்லை. ஹெட்லைட்டைத் தவிர மற்ற பல்புகளை எல்.இ.டி. ஆக்கினால் கணிசமாக மிச்சமாகும். வாரத்தில் ஒருநாள்கூட ஓடாத வண்டி என்றால் 1 ஆம்பியர் சார்ஜர் ஒன்றை மாதம் ஒருமுறை இரவு முழுக்க மாட்டி வையுங்கள்.

தினமும் இரவில் ஓட்டுகிறவர்களுக்கு ஆல்டர்னேட்டர்தான் நியாயமான வழி என்பது என் கருத்து. போட்டிக்கும் கண்காட்சிக்கும் வைத்திருக்கும் வண்டியில் அதைச் செய்யாதீர்கள், அசல் டைனமோவின் மதிப்பு திரும்பி வராது. மாற்றுவதானால் பாசிடிவ் எர்த் வண்டியை முதலில் நெகடிவ் எர்த்தாக்க வேண்டும், இக்னிஷன் காயில் ஒயர்களையும் அம்மீட்டர் ஒயர்களையும் அதற்கேற்ப இடம் மாற்ற வேண்டும், ரேடியோ அசல் என்றால் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இருப்பதால் பழைய பாக்ஸை உள்ளே துண்டித்து, ஒயர்கள் சேரும் இடமாக மட்டும் விட்டுவிடலாம். பழைய டி ஒயர் 19 ஆம்பியருக்குப் போட்டது, ஆல்டர்னேட்டரின் 35 ஆம்பியரைத் தாங்காது. ஆல்டர்னேட்டரிலிருந்து செல்ஃப் சோலினாய்டின் பேட்டரி முனைக்குத் தடித்த புது ஒயர் ஒன்றைத் தனியாக இழுத்து, நடுவில் 50 ஆம்பியர் ஃபியூஸ் வைத்துவிடுங்கள்.